பொங்கலுக்கு வருவான்

"அம்மிணி, சாவிய எங்க வெச்சே? அடுப்புப் பத்த வெக்கோணும். மாவு பொங்கி வழிஞ்சுரும்."

நாச்சிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. கதவு அவருக்குத் திறக்காது. மனைவி கோகிலவாணியின் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும் என்று போன வருஷமே மாற்றிவைத்தாகிவிட்டது.

உண்மையில் அடுப்பும் கிடையாது, மாவும் கிடையாது. சிங்காநல்லூரில் 'மிதுன் பேக்கரி' என்று மகன் பெயரில் அவர் நடத்திய கடை கைமாறி, இப்போது அங்கே ஒருவர் மூக்குக்கண்ணாடி விற்கிறார்.

கோகிலவாணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சும்மா இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் யோசித்துவிட்டுப் பேசியதாகச் சொந்தக்காரர்கள் யாரும் சொன்னதில்லை. இந்தப் பழக்கம் புதிது. அவள் காதுக்குள் பாசிப்பயறு பருமனில் ஒரு செவிமணி இருந்தது. அது அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வாக்கியம் சொன்னது. அதை அவள் தன் பேச்சில் போட்டுச் சொன்னாள்.

"மாஸ்டர் நேரத்துலயே வந்துட்டாருங்க. அடுப்பு எரியுது. நீங்க காப்பி குடிச்சுட்டு மெதுவாப் போனாப் போதும்."

நாச்சிமுத்துவின் மணிக்கட்டில் இருந்த கலக்கமானி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. வாட்ச் மாதிரிதான் இருக்கும். நேரம் காட்டாது, கட்டியிருப்பவரின் மனசு எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதைக் காட்டும்.

"பையன் எங்க?"

இதற்குச் செவிமணி தேவைப்படவில்லை. "ஓசூர்லதானுங்க இருக்கான். பொங்கலுக்கு வருவான்."

"ஆமாமா. லீவு கெடைக்கோணுமே அவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே நாச்சிமுத்து சட்டையைக் கழற்றினார். கலக்கமானி பச்சைக்கு வந்தது. கோகிலவாணி காப்பி போட எழுந்து போனாள்.

அந்தச் செயலிக்கு 'அணுக்கம்' என்று பெயர். மறதிநோய் வந்தவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக வந்தது. கோவையில் அது இல்லாத தெரு கிடையாது. நோய்வாய்ப்பட்டவருக்கு அதில் பேணப்படுபவர் என்று பெயர், பார்த்துக்கொள்பவர் பேணுபவர். பேணப்படுபவர் என்ன கேட்டாலும், எதைப் பார்த்து மிரண்டாலும், கலக்கமானி எந்தப் பதிலுக்கு இறங்குகிறது என்று அணுக்கம் பழகிக்கொண்டே வரும். இறக்குகிற பதிலைப் பேணுபவரின் காதில் போடும். அதற்கு ஆறுதல்வரி என்று பெயர். ஆறுதல்வரி மெய்யாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பச்சைக்குக் கொண்டுவந்தால் போதும்.

வீட்டுக்குள் மட்டும் சொன்னால் போதாதே. கீழே மளிகைக்கடைக்காரர் வாயைவிட்டால் எல்லாம் பாழ். அதனால் அணுக்கத்தில் 'சுற்றம்' என்று ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு ரோஸ்லின், மளிகைக்கடைக்காரர், மருந்துக்கடைப் பெண், காவலாளி என்று நாச்சிமுத்துவிடம் பேசக்கூடிய அத்தனை பேரும் சுற்றத்தில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் காதிலும் செவிமணி இருந்தது. அவரிடம் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஊரே கூடி ஒரு பொய்யை இத்தனை ஒற்றுமையாகச் சொல்லி அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மிதுன் ஓசூரில் வேலை பார்த்தான் என்பது நிஜம். அங்கே ஒரு மழைநாளில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான் என்பதும் நிஜம். நாச்சிமுத்துதான் கொள்ளி வைத்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கியது. முதலில் கண்ணாடி வைத்த இடம், அப்புறம் வீட்டுக்கு வரும் வழி, அப்புறம் அந்தக் கொள்ளி.

அணுக்கம் வருவதற்கு முன்னால் அவர் "பையன் எங்க?" என்று கேட்டபோதெல்லாம் கோகிலவாணி உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவராகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காலையில் அழுவார், மத்தியானம் தூங்கி எழுந்து மறுபடியும் கேட்பார், மறுபடியும் அழுவார். பெற்ற பிள்ளையைத் தினமும் தன் வாயாலேயே சாகடிக்கிறோம் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கும் மகள் ஹர்ஷினி இதை வீடியோவில் பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே அணுக்கத்தை ஏற்றிக்கொடுத்தாள்.

முதல் நாள் அது குடும்ப விவரங்களைக் கேட்டது. அவற்றுக்கு அடிப்படைச் செய்திகள் என்று பெயர். கோகிலவாணி எதையும் மறைக்கவில்லை. மகன் எங்கே என்றதற்கு, "இறந்துட்டான்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அது சொன்னபடி, கூடத்துச் சுவரில் மாலையும் சந்தனப்பொட்டுமாகத் தொங்கிய மிதுனின் படத்தை இறக்கி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். ஆணி மட்டும் சுவரிலேயே இருந்தது.

அன்றைக்கு முதல் வீட்டில் அழுகை நின்றது. அவர் சிரித்துக்கூடப் பேசினார். அவளும் தூங்கினாள். அணுக்கத்தைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சாமி கும்பிடும்போது அவனையும் சேர்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் ஓசூரில் இருப்பதாகச் சொன்னது போதவில்லை. "அப்பறம் ஏன் போன் பண்ணமாட்டீங்கறான்?" என்று நாச்சிமுத்து கேட்க ஆரம்பித்தார். நியாயமான கேள்விதான். அணுக்கத்திடம் அதற்கும் வழி இருந்தது. மிதுன் அனுப்பியிருந்த பழைய குரல்செய்திகளை வாங்கிக்கொண்டு, அவற்றிலிருந்து ஒரு குரல்வார்ப்பு எடுத்தது. மறுநாள் போன் அடித்தது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா? கால்வலி எப்படி இருக்குது?"

அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த கோகிலவாணி கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தாள். கடுகு கருகியது. அவனேதான். மூக்கடைப்போடு பேசுவதும், 'அப்பா'வில் ஒரு இழுப்பு இழுப்பதும் அப்படியே இருந்தது. நாச்சிமுத்து போனைக் கண்ணாடி மாதிரி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தேங்காய் பன்னுக்குப் பூரணம் கிண்டும் பக்குவத்தை மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். பேச்சு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் மத்தியானத்தில் தூங்குவார். ஒருநாள் அவர் தூங்கும்போது அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"அம்மா" என்றது குரல்.

ஆயிரம் இருந்தது அவளிடம் கேட்பதற்கு. வலித்ததா, யாராவது தண்ணி கொடுத்தார்களா, என்னை நினைத்தாயா என்றெல்லாம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாப்பிட்டியா சாமி?"

"இப்பத்தாம்மா சாப்பிட்டேன்."

உயிரோடு இருந்த மிதுன் ஒருநாளும் நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை. அதற்காகவே அவனோடு போனில் சண்டை போட்டுத் தொண்டை கட்டியிருக்கிறாள். இந்த மிதுன் எப்போது கேட்டாலும் சாப்பிட்டிருந்தான். அவளுக்கு அது பொய்யென்று தெரியாமல் இல்லை. ஆனாலும் மறுநாள் மத்தியானமும் பால்கனிக்குப் போனாள். அதற்கடுத்த நாள் அவர் சீக்கிரம் தூங்கமாட்டாரா என்றிருந்தது அவளுக்கு.

ஆனி மாதம் ஒருநாள் சாயங்காலம் நாச்சிமுத்து கூடத்துச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். சுவரில் மற்ற இடமெல்லாம் மங்கியிருக்க, ஆணிக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது.

"கோகிலா."

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அம்மிணி என்பதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் சொல்வார், ரோஸ்லினுக்கும் சொல்வார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் தெளிவாக இருந்தது. கடை நடத்திய காலத்து நாச்சிமுத்துவின் கண்.

"இங்க மாலை போட்டு ஒரு போட்டோ இருந்துச்சுல்ல? பையன் போயிட்டானா, கோகிலா?"

இந்த உலகத்தில் மிதுனுக்காக அவளைப் போல அழக்கூடிய ஆள் இன்னும் ஒருவர்தான் உண்டு, அவர் இதோ வந்து நிற்கிறார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு தடவை சேர்ந்து அழலாம். அவன் செத்த நாளிலிருந்து அது நடக்கவே இல்லை. அன்றைக்கு அவரை ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள், அவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கலக்கமானி சிவப்பில் துடித்தது. செவிமணி ஆறுதல்வரியைச் சொன்னது. அவள் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள். செவிமணி அதையே இன்னொரு தடவை, இன்னும் இதமாகச் சொன்னது.

"கிறுக்குப் பேச்சுப் பேசாதீங்க" என்றாள் கோகிலவாணி. "அவன் ஓசூர்லதான் இருக்கான். பொங்கலுக்கு வருவான்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சை வந்தது. தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மறுபடியும் இருட்டில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றிரவு சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கைவேலை கொடுக்கச் சொல்லி அணுக்கம்தான் சொல்லியிருந்தது.

"கோகிலவாணி, உங்கள் நலம் பற்றிச் சில கேள்விகள்" என்றது செவிமணி. அது அடிக்கடி இப்படி நச்சரிக்கும். மாத்திரை போட்டாயா, நடந்தாயா என்று கேட்கும். "உங்கள் மகன் மிதுன் இப்போது எங்கே இருக்கிறார்?"

எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷனை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? "ஓசூர்ல" என்றாள்.

"அவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?"

"நேத்து மத்தியானம்."

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"கம்பெனில சூப்பர்வைசர்."

"லைன் சூப்பர்வைசர்னு சொல்லு" என்று நாச்சிமுத்து பெருமையாகத் திருத்தினார். அவள் சிரித்துவிட்டாள்.

"நன்றி, கோகிலவாணி. உங்கள் மேல் எங்களுக்கு அக்கறை உண்டு" என்றது செவிமணி. அதன் குரல் வழக்கத்தைவிடக் கனிவாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. பீன்ஸுக்குத் தேங்காய் துருவ வேண்டியிருந்தது.

இரண்டொரு நாள் கழித்து ரோஸ்லின் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். அதில் பச்சை வளையம் ஒன்று இருந்தது. பேணுபவர்களின் நலனுக்காக அணுக்கம் அனுப்பியதாம்.

"உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குதுல்லங்க்கா? கையக் காட்டுங்க" என்று ரோஸ்லினே மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டு ஏனோ அவள் கன்னத்தைத் தடவினாள். கோகிலவாணிக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளில் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு யாரும் ஒரு பொருள் கொடுத்ததில்லை.

அன்றிலிருந்து உலகம் அவளிடம் கனிவாக நடந்துகொள்ள ஆரம்பித்தது.

மளிகைக்கடைக்காரரிடம் போன வாரம் வாங்கிய துவரம்பருப்பு வேகவே இல்லை என்று சொன்னாள். சும்மாச் சொல்லிப்பார்ப்பதுதான், விலையில் ஏதாவது குறைப்பார். மனுஷன் வாயைத் திறந்தால் கடையே அதிரும். அன்றைக்கு அவர் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார். "ஆமாங்கம்மா, என் தப்புத்தானுங்க" என்றார். கோவையில் ஒரு கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் தன் தப்பை ஒத்துக்கொண்டதும் அவள் வாங்க வந்ததையே மறந்து வீட்டுக்குத் திரும்பினாள்.

ரோஸ்லினும் அப்படித்தான். காலையில் வெயில் என்றாலும் ஆமாங்க்கா என்றாள், சாயங்காலம் மழை வரும் என்றாலும் ஆமாங்க்கா என்றாள். ஒவ்வொரு ஆமாவுக்கு முன்னாலும் ஒரு மூச்சு நேரம். காவலாளியிடமும் அதே இடைவெளி, மருந்துக்கடைப் பெண்ணிடமும் அதே இடைவெளி. அவளுக்கு அந்த இடைவெளியைத் தெரியும். ஒரு வருஷமாக அவளே அதில்தான் குடியிருக்கிறாள். தன் காதில் இருந்த செவிமணி இந்த நாட்களில் ஒன்றுமே சொல்லாமல் லேசாகப் பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் உறைத்தது. பழுதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறெதையும் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆடி அமாவாசை வந்தது.

செத்தவர்களுக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அது வந்து கொத்தின பிறகுதான் வீட்டில் சாப்பிடுவார்கள். போன வருஷம் அணுக்கத்துக்குப் பயந்து அவள் எதையும் செய்யவில்லை. பையன் ஓசூரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு யாருக்கென்று இலை போடுவது? ஒரு வருஷம் அவனைப் பட்டினி போட்டுவிட்டோம் என்பது அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது. இந்த வருஷம் நாச்சிமுத்து தூங்கும்போது ஒரு கை சோறாவது வைத்துவிட வேண்டும் என்று விடியும்போதே தலைக்குக் குளித்துச் சமைத்தாள்.

சாதத்தை இறக்கிப் படையலுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்தாள். குழம்பைக் கிளறிவிட்டுத் திரும்பினால் கிண்ணத்தைக் காணோம்.

பால்கனியில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். ஈர வேட்டி, நெற்றியில் திருநீறு. கைப்பிடிச் சுவரில் வாழையிலைத் துண்டைப் போட்டு, சோற்றில் பருப்பும் நெய்யும் பிசைந்து உருண்டையாக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கா... கா... கா..."

"என்னங்க பண்றீங்க?"

"மிதுனுக்கு வெச்சேன்" என்றார், திரும்பாமலே.

அவள் வாய் அவளைக் கேட்கவில்லை. ஒரு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. "பையனுக்கு எதுக்குங்க வெக்கறீங்க? அவன் ஓசூர்ல இருக்கான்."

நாச்சிமுத்து திரும்பினார். அவர் கண்ணில் பரிதாபம் இருந்தது. ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தார்.

"ஆமா அம்மிணி. ஓசூர்லதான் இருக்கான்" என்றார். "இது சும்மா, காக்காய்க்கு."

அவர் தலையைத் திருப்பியபோதுதான் காதுக்குள் பாசிப்பயறு பருமனில் ஒன்று மின்னியதை அவள் பார்த்தாள்.

கோகிலவாணி கூடத்துக்கு வந்து அவருடைய போனை எடுத்து அணுக்கத்தைத் திறந்தாள். பேணுபவர்: நாச்சிமுத்து. பேணப்படுபவர்: கோகிலவாணி. அதற்குக் கீழே காரணமும் இருந்தது. இருவருமே முதியவர்களாக உள்ள வீட்டில் இருவரையும் அவ்வப்போது சோதிப்பது வழக்கமாம். மகனைப் பற்றிய அடிப்படைச் செய்தியில் நாச்சிமுத்து சொன்னது சரி, கோகிலவாணி சொன்னது தவறு. மேலும் கோகிலவாணி இறந்துபோன மகனோடு, கணவர் தூங்கும் நேரங்களில், தானாகவே போனில் பேசிவருகிறார்.

நாச்சிமுத்துவின் பதில் குரலாகவே அங்கே இருந்தது. அவள் மளிகைக்கடைக்குப் போயிருந்த ஏதோ ஒரு வேளையில் எடுத்திருக்கிறார்கள். அழுத்தினாள்.

"பையன் செத்துப்போயிட்டானுங்க. நாந்தான் கொள்ளி வெச்சேன்" என்று அவர் மெதுவாகச் சொல்வது கேட்டது. "சித்த நேரம் தெரியுது, அப்பறம் மறந்துபோகுது. என்ற பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அவன் ஓசூர்ல இருக்கான்னு நெனச்சுட்டு இருக்கா. சொன்னாத் தாங்கமாட்டா."

அவள் அதை இன்னொரு முறை கேட்டாள். அந்த ஆனி மாதச் சாயங்காலம் அவர் சரி என்று தலையாட்டியது நினைவுக்கு வந்தது. யார் யாரை இருட்டில் தள்ளினார்கள் என்று இப்போது அவளுக்கு விளங்கியது. இந்த வீட்டில் இத்தனை நாளும் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே பிணத்தை ஒளித்துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஹர்ஷினியைக் கூப்பிட்டாள். மகள் நினைத்தால் அணுக்கத்தில் இதை ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

"ஹர்ஷி, இந்தக் கருமம் என்னயப் பைத்தியம்னு நெனச்சுட்டு இருக்குது. மாத்து கண்ணு. அண்ணன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பாவுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். நீயே சொல்லு, அவன் செத்துட்டான்ல?"

மணிக்கட்டில் பச்சை வளையம் சிவப்பாகத் துடித்தது. அங்கே ஒரு மூச்சு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஹர்ஷி!"

"அம்மா..." மகள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "கிறுக்குப் பேச்சுப் பேசாதீங்கம்மா. அண்ணன் ஓசூர்லதான் இருக்கான். பொங்கலுக்கு வருவான்."

கோகிலவாணி போனை வைத்துவிட்டு வளையத்தைக் கழற்றப் பார்த்தாள். அது கழலவில்லை. ரோஸ்லினிடமாவது போய்ச் சொல்லலாம் என்று வாசலுக்கு ஓடிக் கதவில் கட்டைவிரலை வைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். கதவு திறக்கவில்லை. காதுக்குள் பாட்டு கொஞ்சம் உரக்கக் கேட்டது.

அவள் பால்கனிக்குத் திரும்பி வந்தாள். நாச்சிமுத்து இன்னும் காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதிலிருந்து செவிமணியை இரண்டு விரலால் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். தன்னுடையதையும் பிடுங்கி எறிந்தாள்.

"இப்ப ஒருத்தரும் கேக்கலீங்க. நீங்களும் நானுந்தான். எனக்குத் தெரியும். எனக்கு எப்பவுமே தெரியுமுங்க. பையன் போயிட்டான். உங்களுக்காகத்தான் நான் சொல்லாம இருந்தேன். ஒரு தடவ... ஒரே ஒரு தடவ ரெண்டு பேரும் உக்காந்து அழுவோமுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே சிவப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சோறு ஒட்டிய கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். செவிமணி இல்லாமலே ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். அவருக்கும் பழகிப்போயிருந்தது.

"கிறுக்குப் பேச்சுப் பேசாத கோகிலா" என்றார். "அவன் ஓசூர்லதான் இருக்கான். பொங்கலுக்கு வருவான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அப்படியென்றால் அவருக்கு இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தெரிந்தேதான் சொல்கிறார்.

கூடத்தில் போன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவர் போய் எடுத்துவந்து அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா" என்றது அந்த மூக்கடைத்த குரல். "ஏம்மா அழறீங்க? நாந்தான் பேசறனே."

பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பிறகு இலையில் இருந்த சோற்றைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளால் தாங்க முடியவில்லை.

"சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டாள்.

"இப்பத்தாம்மா சாப்பிட்டேன்."

வளையம் மஞ்சளானது, பிறகு பச்சையானது. நாச்சிமுத்து அதைக் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, இலை போடச் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார்.